இடது பக்கத்தில் தண்ணீர்

படம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. காணாமல் போன ஒருவனைத் தேடித் தரும்படி கூலிக்கு அமர்த்தப்பட்ட துப்பறிவாளர், ஊரெல்லாம் அலைந்து, அடி வாங்கி, கடைசியில் அவனைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் அவருக்குத் தெரிகிறது: தேடச் சொன்னவர்கள்தான் அவனைக் கொல்லக் காத்திருந்தவர்கள். மழையில் நனைந்துகொண்டு, கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அந்த இடத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

"வாடி வென்ன நங்கி," என்றான் பின்வரிசையில் இருந்த சிங்கள அண்ணன் ஒருவன். உட்காரச் சொல்கிறான். உட்கார்ந்தேன். ஆனால் அதன் பிறகு படத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

கொழும்பில் நான் படிக்கிற பல்கலைக்கழகத்தில் ஞாயிறு பிற்பகல்களில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி இப்படிப் பழைய படங்கள் போடுவார்கள். முடிந்ததும் கலந்துரையாடல் உண்டு. அன்றைக்கு முக்கால் மணி நேரம் நிழலைப் பற்றிப் பேசினார்கள். ஜன்னல் சட்டத்தின் நிழல், தொப்பியின் நிழல், சிகரெட் புகையின் நிழல். அவ்வளவு நிழலுக்குள்ளும் கண்டுபிடித்துக் கொடுக்கப்பட்டானே ஒருவன், அவனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை உயர்த்தி, "இந்த வேலையை நான் செய்திருக்கிறேன், பதினொரு வயதில்," என்று சிங்களத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதல்ல. அதே சிரிப்பை எங்கள் வீட்டில் பத்து வருடமாகக் கேட்டு வருகிறேன். இந்தக் கதையை இனி நான்தான் சொல்ல வேண்டும் என்ற எண்ணம், அந்தக் கறுப்புத் துணி கட்டிய அறையில்தான் எனக்கு முதன்முதலாக வந்தது.

இரத்தினபுரியில் பஸ் மாறி, கலவான ரோட்டில் பாதி வழியில் இறங்கி, மேலே நாற்பது நிமிடம் நடந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம். மூன்று லயம், அதாவது வரிசை வீடுகள், அவற்றுக்கு ஒரே பீலி. மலை ஓடையிலிருந்து மூங்கிலில் இறங்கி வரும் தண்ணீர் அந்தப் பீலி வாயில்தான் கொட்டும். குடிக்க, சமைக்க, குளிக்க, சாமிக்கு வைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். பைப் போட்டுத் தருவதாக ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது வந்து அளந்துவிட்டுப் போவார்கள்.

நான் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம் அந்தத் தண்ணீர் கலங்க ஆரம்பித்தது. மழையே இல்லாத நாட்களில், விடிகிற நேரத்தில், பீலியில் சேறு வந்தது. அம்மா வடித்த சோறு அழுக்கு நிறத்தில் இருந்தது. பக்கத்து லயத்தில் கைக்குழந்தைகளுக்கு வயிற்றோட்டம். பெண்கள் பழைய சேலைத் துணியை நாலாக மடித்துப் பீலி வாயில் கட்டினார்கள். ஓடை முனையில் இருக்கிற முனிக்குக் கோபம் என்று யாரோ சொல்ல, ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் சேர்ந்து தேங்காய் உடைத்தார்கள். மறுநாள் தண்ணீர் இன்னும் மோசமாக வந்தது.

அப்பா மட்டும் தேங்காய் உடைக்கப் போகவில்லை. பீலியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, அதில் படிந்திருந்த சேற்றை விரலால் தேய்த்துப் பார்த்தார். அது சிவப்பாக இல்லை, வெளுப்பாக இருந்தது.

"இது மேல் மண்ணு இல்ல," என்றார். "ஆழத்து மண்ணு."

அப்பாவுக்கு மண்ணைத் தெரியும். அவருடைய வேலை கான் வெட்டுவது. மழைத்தண்ணீர் மலையை அரித்துக்கொண்டு போகாமல், தேயிலை நிரைகளுக்கு நடுவே வாய்க்கால் வெட்டி, தண்ணீரைச் சொல்கிற இடத்துக்குப் போக வைக்கிற வேலை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போவார், வருவார். அதிகம் பேசமாட்டார்.

பேசுவது மாமாவின் வேலை. மாமா அம்மாவின் தம்பி. தோட்டத்தில் வாச்சர், அதாவது காவல்காரர். காக்கிக் கால்சட்டை, கழுத்தில் விசில், கையில் பிரம்பு. எங்கள் லயத்தில் முதன்முதலாக டிவிடி பிளேயர் வாங்கியவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகளையெல்லாம் தன் அறையில் அடைத்து, துப்பறியும் படங்களாகப் பார்த்துப் போடுவார். வசனங்களை முன்கூட்டியே சொல்வார். குற்றவாளி யார் என்று பாதியிலேயே சொல்லிக் காட்டிக்கொடுத்துவிட்டு, "வாச்சர்னா சும்மாவா," என்பார். எனக்கு அந்த வயதில் உலகத்திலேயே பெரிய ஆள் அவர்தான். இதை எழுதும்போது என் பல் கடிபடுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

ஒரு நாள் பள்ளி விட்டு வந்தபோது மாமா என்னை லயத்தின் கோடிக்குக் கூப்பிட்டார். ஒரு புதுக் கொப்பியும் நீல மையில் எழுதுகிற பேனாவும் கொடுத்தார்.

"மருமகளே, ஒனக்கு ஒரு வேல இருக்கு. சீஐடி வேல."

"என்னா வேல மாமா?"

"தண்ணி ஏன் கலங்குது? மேல காட்டோரம் எவனோ களவா கல்லுக்குழி தோண்டுறான். மாணிக்கக் கல்லு. தோட்டத் தொரைக்குத் தெரிஞ்சா என் வேல போயிரும். யாருன்னு நாம கண்டுபுடிக்கணும்."

நாம் என்றார். பதினொரு வயதுப் பிள்ளையிடம் பெரிய மனிதர் ஒருவர் நாம் என்று சொன்னால் அந்தப் பிள்ளை என்னதான் செய்யாது.

நாலாம் நம்பர் மலைக்கு ஏறுகிற படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொய்யா மரம். அதில் உட்கார்ந்து, பள்ளிப் புத்தகம் படிக்கிற மாதிரி இருந்துகொண்டு, சாயந்தரம் யார் யார் மேலே போகிறார்கள் என்று எழுத வேண்டும். பெயர், நேரம், கையில் என்ன இருந்தது. மாமாவுக்கு மட்டும் காட்ட வேண்டும்.

"நம்ம ஆளுங்க போனா?" என்று கேட்டேன்.

"சீஐடிக்கு அப்பா கெடையாது, அம்மா கெடையாது. பாத்தத எழுதணும். அவ்வளவுதான்."

கொப்பியின் வலது பக்கத்தில் அவர் சொன்னபடியே கோடு போட்டேன். இடது பக்கம் சும்மா கிடந்தது. எனக்கு எதையும் சும்மா விட முடியாது, இன்றைக்கும் அப்படித்தான். விடிகாலையில் பீலிக்கு ஓடிப்போய்த் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து இடது பக்கத்தில் எழுதினேன். மூன்றே நிறம்தான் என் கணக்கில்: பளிங்கு, பிளேன்டி, பால்டீ. பளிங்கு என்றால் சுத்தம். பிளேன்டி என்றால் கொஞ்சம் கலங்கல். பால்டீ என்றால் அன்றைக்கு யாரும் குடிக்க முடியாது.

மாமா முதல் நாள் கொப்பியைப் பார்த்தபோது இடது பக்கத்தில் விரல் வைத்து, "இது எதுக்கு?" என்றார்.

"துப்பு மாமா."

"சரி சரி, வெளையாடு," என்று வலது பக்கத்தை மட்டும் படித்தார். பிறகு ஒருநாளும் இடது பக்கத்தை அவர் பார்க்கவில்லை.

விறகுக்குப் போன இரண்டு அக்காமார், தொலைந்த ஆட்டைத் தேடிப்போன ஒரு தாத்தா, இப்படி எழுதிக்கொண்டே வந்தேன். ஐந்தாம் நாள் சாயந்தரம் நாலரை மணிக்கு அப்பா படியேறிப் போனார், தோளில் மண்வெட்டியோடு. வேலை முடிந்து எல்லோரும் இறங்கி வருகிற நேரத்தில் அவர் மட்டும் மேலே ஏறினார். கொய்யா மரத்தில் என்னைப் பார்த்து, "படிக்கிறியா பாப்பா," என்று கேட்டுவிட்டுப் போனார்.

எழுதுவதற்கு முன் நான் கொஞ்சம் யோசித்தேன். ஆனால் பயந்து யோசிக்கவில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் தோட்டத்தில் காலைப் பெரட்டில் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளை கொப்பியில் யாருடைய பேரைப் போடுகிறாரோ அவருக்கு அன்றைக்கு வேலை. பிந்தி வந்தால் அரைப்பேர், அரைநாள் கூலிதான். போடாமல் விட்டால் அந்த வீட்டில் அன்றைக்குச் சண்டை நடக்கும். ஆகவே ஒருவருடைய பெயரைக் கொப்பியில் எழுதுவது அவருக்குச் செய்கிற நன்மை என்றே நாங்கள் வளர்ந்தோம். பெயர் விழுவதால் ஒருவருக்குக் கெடுதல் வரும் என்பது லயத்துப் பிள்ளையின் புத்திக்கு எட்டாத விஷயம். அதனால் அப்பா என்று எழுதாமல், கணக்கப்பிள்ளை எழுதுவது போலவே, தாத்தாவின் முதலெழுத்தையும் சேர்த்து, முழுப் பெயரையும் அழகான கையெழுத்தில் எழுதினேன். நேரம் நாலரை. கையில் மண்வெட்டி.

மறுநாள் காலை இடது பக்கத்தில் எழுதினேன்: பளிங்கு.

மாமா அந்த வரியைப் படித்துவிட்டு மெல்ல விசிலடித்தார். எனக்கு ஒரு டொஃபி கிடைத்தது. "நல்ல வேல செஞ்சிருக்க சீஐடி. விட்டுறாத. ஒவ்வொரு நாளும் எழுது." அன்றைக்கு அவர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். குதிகால் வெடிப்புகளில் வெள்ளை மண் அப்பியிருந்தது. எங்கள் மலையில் நடக்கிற எல்லோருடைய காலும் செம்மண் நிறம்தான். எனக்குக் கண் சும்மா இருக்குமா? இரவு வரை காத்திராமல், உடனே இடது பக்கத்தின் அடியில் எழுதினேன்: மாமாவின் குதிகாலில் வெள்ளை மண். எழுதிவிட்டு, பாவம் மாமா, நமக்காகக் குழியைத் தேடி எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பெருமைப்பட்டேன்.

அப்பா போன மறுநாள் பளிங்கு. அதற்கடுத்த நாள் பால்டீ. அப்பா திரும்பவும் போனார். பளிங்கு. பிறகு பால்டீ. மூன்று வாரம் இப்படியே ஓடியது. எல்லாவற்றையும் எழுதினேன், ஒரு நாள் விடாமல். ஒரே கையெழுத்தில், ஒரே கொப்பியில், எதிரெதிர்ப் பக்கங்களில்.

அதற்கிடையில் ஒரு நாள் அம்மா வேலையிலிருந்து வந்து சொன்னாள், "தொர பங்களாப் பாலத்துல காரை நிப்பாட்டி, கீழ ஓடையப் பாத்துட்டு, தம்பியக் கூப்புட்டு ஏசுனாராம். இங்கயும் ஏன் தண்ணி கலங்கிப் போவுதுன்னு. எவனோ களவு பண்றான், ஒரு கெழமைக்குள்ள ஆள் வேணும்னு சொன்னாராம்." அம்மாவுக்குத் தம்பியின் வேலையை நினைத்து அழுகை. அப்பா ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

அடுத்த புதன்கிழமை மாமா கொப்பியை வாங்கி வைத்துக்கொண்டு, என்னைக் கொய்யா மரத்தில் உட்கார வேண்டாம் என்றார். "இன்னைக்கு கிளைமேக்ஸ். காட்டோரம் பாறைக்குப் பின்னால மானாப்புல்லுல ஒளிஞ்சிக்க. கள்ளனப் புடிக்கிறத நீ பாக்கணும்ல. என்னா நடந்தாலும் சத்தம் போடக் கூடாது. சீஐடி கடைசி வரைக்கும் வெளிய வரக் கூடாது."

போனேன். நல்ல வெயில். அங்கேதான் முதன்முதலாக அந்தக் குழியைப் பார்த்தேன். காட்டுக்கும் ஓடைக்கும் நடுவில், கிணறு போல் ஆழமாக, ஓரமெல்லாம் மரச்சட்டம் அடித்து, பக்கத்தில் வெள்ளை மண் குவிந்து கிடந்தது. ஒருவரும் இல்லை. குழியிலிருந்து காட்டுக்குள் ஒரு பாதை நன்றாகத் தேய்ந்து போயிருந்தது. நான் மூன்று வாரம் காவல் இருந்த படிக்கட்டில் கள்ளன் ஒருவனும் கால் வைத்ததில்லை என்று அந்தப் பாதை கத்திச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்கவில்லை.

நாலரைக்கு அப்பா வந்தார். குழியைச் சுற்றி நடந்தார். ஓடைப் பக்கம் மண்வெட்டியால் ஒரு கானை வெட்டினார். வெட்டினார் என்றால் புதிதாக அல்ல. ஏற்கெனவே வெட்டியிருந்த ஒரு கானைக் கல் போட்டு யாரோ அடைத்திருந்தார்கள். ஒவ்வொரு கல்லாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். முதுகு வியர்வையில் நனைந்திருந்தது.

மறுபக்கத்துப் புதருக்குள்ளிருந்து இரண்டு பொலிஸ்காரர்கள், தொர, அவர்களுக்குப் பின்னால் மாமா.

"மெதென மொக்கத கரன்னே?" என்றார் பொலிஸ்காரர். இங்கே என்ன செய்கிறாய்?

அப்பாவுக்குச் சிங்களம் வரும். ஆனால் பயத்தில் மனிதருக்கு எந்த மொழிதான் வரும். மண்வெட்டியைக் கையில் பிடித்தபடியே, "வத்துர மாத்தயா, வத்துர," என்றார். தண்ணீர் ஐயா, தண்ணீர். கீழே கைகாட்டினார். பொலிஸ்காரர் சிரித்துவிட்டு மற்றவரிடம், கல் கழுவத் தண்ணீர் வேண்டாமா என்றார்.

தொர என் கொப்பியைக் கையில் வைத்திருந்தார். வலது பக்கங்களைப் பொலிஸ்காரருக்குக் காட்டினார். பார்த்தீர்களா, ஒவ்வொரு முறையும் நாலரை, ஒவ்வொரு முறையும் மண்வெட்டி. அப்பா அந்தக் கொப்பியை எட்டிப் பார்த்தார். எழுத்தைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு அப்பாவை விட நன்றாகச் சிங்களம் பேச வரும். கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் அம்மாவுக்காகப் பேசுகிறவள் நான்தான். அவர் கான் வெட்டுகிறார், சேறு எங்கள் தண்ணீரில் கலக்காமல் பங்களாப் பக்கத்து ஓடைக்குத் திருப்புகிறார் என்று ஒரே ஒரு வரி. அதைச் சொல்வதற்கு எழுந்துவிட்டேன், பாதி எழுந்துவிட்டேன். மாமா நான் ஒளிந்திருந்த புல்லைப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்தார். சிரித்துக்கொண்டே வைத்தார், ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் முக்கியமான கட்டம் வரும்போது எங்களை அமர்த்துவது போல.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எங்கள் குடும்பத்தில் மாமாவின் பெருமையாகச் சொல்லப்படுகிற கதை. ஜீப்பில் அப்பாவை ஏற்றியபோது லயமே அழுதது, மாமா எல்லோரையும் விட அதிகம் அழுதார். பதினான்கு நாள் அப்பா உள்ளே இருந்தார், மாமாதான் சோற்றுப் பார்சல் கொண்டுபோனார். லோயர் பிடித்தது மாமா. கடைசியில் அப்பா குற்றத்தை ஒத்துக்கொண்டபோது தண்டம் கட்டி வெளியே எடுத்ததும் மாமா. "என் தம்பி இல்லேன்னா நாங்க என்னா ஆயிருப்போம்," என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். மூன்று மாதம் அப்பாவுக்குப் பெரட்டில் பேர் விழவில்லை. அம்மா ஒருத்தியாகக் கொழுந்து பறித்தாள்.

இதில் உச்சம் எது தெரியுமா? அப்பாவைப் பிடித்ததும் தோண்டியவர்கள் பயந்து சில வாரம் குழிப் பக்கம் வரவில்லை. பீலியில் தண்ணீர் பளிங்கு போல வந்தது. "பாத்தியா, அவன உள்ள தள்ளுனதும் தண்ணி தெளிஞ்சிருச்சி," என்று லயம் சொன்னது. யாருக்காகக் கல்லைப் பிடுங்கிப் போட்டாரோ அவர்கள் சொன்னார்கள். நான் அந்தத் தண்ணீரைக் குடித்தேன். நன்றாகவே இருந்தது.

மாமா டவுனில் மாடி வீடு கட்டினார். ஒரு வாச்சருடைய சம்பளத்தில் மாடி எப்படி வந்தது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. பெரியப்பா மகளின் கல்யாணத்தில் அவரே சொன்னார், நாலு பேருக்கு நடுவில், பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு: "அந்தக் குழியில எனக்கும் ஒரு பங்கு இருந்திச்சி. இப்ப சொன்னா என்னா." பிறகு என்னைத் தோளோடு அணைத்து, "இவதான் எங்க சீஐடி. சொந்த அப்பனையே புடிச்சிக் குடுத்தவ," என்றார். சபையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அப்பா சிரித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கு நான் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

அந்தச் சிரிப்பையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் கலந்துரையாடல் முடிந்த கையோடு, மண்டபத்துப் படியில் உட்கார்ந்து அப்பாவுக்கு ஃபோனில் கோல் எடுத்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். லோயரிடம், கோர்ட்டில், அம்மாவிடம், யாரிடமாவது.

"கொப்பி என்கிட்டதான் இருக்கு பாப்பா," என்றார் அப்பா.

வழக்கு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். துணிப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறார்.

"லோயரு முழுசாப் படிச்சாரு. ரெண்டு பக்கமும் சேத்துப் படிச்சா நான் நெரபராதின்னு தெரியும், நான் போன மறுநாளு மறுநாளு தண்ணி தெளிஞ்சிருக்கேன்னாரு. எழுதுன புள்ளயக் கூப்புட்டுக் கேட்டா போதும், வழக்கு நிக்காதுன்னாரு."

"அப்ப ஏம்ப்பா?"

"ஒனக்குப் பதினோரு வயசு. கூண்டுல ஏத்தி, ஒங்க மாமா காலப் பத்தி எல்லாம் கேப்பாங்க. அப்பறம் நீ அந்த லயத்துல எப்பிடி இருப்ப? ஒங்கம்மா எப்பிடி இருப்பா? ஒத்துக்கிட்டேன். முடிஞ்சி போச்சி." பிறகு சொன்னார்: "எல்லாரும் என்னய எழுதுனாங்க. நீ மட்டுந்தான் தண்ணியையும் எழுதியிருந்த."

எனக்குக் கோபம் வந்தது. முடிந்து போனதாம். அப்பாவின் பெயர் கோர்ட்டுப் புத்தகத்தில் இன்றைக்கும் கள்ளக் குழி தோண்டியவன் என்று கிடக்கிறது. அதை முடிந்து போனது என்று யார் சொல்வது?

வழக்கைத் துப்புத் துலக்கியது நான்தான். குற்றவாளி யார், நிரபராதி யார், எப்படி, எந்த நாளில், எல்லாமே என் கையெழுத்தில் இருந்தது. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது மட்டும் அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. அன்றைக்குக் குழியோரம் அப்பா வாயை மூடிக்கொண்டது பயத்தால் அல்ல, எழுத்தை அடையாளம் கண்டதால் என்பதும் தெரியவில்லை. புல்லுக்குள்ளிருந்து நான் பார்த்தது ஒரு கள்ளன் பிடிபடுவதை அல்ல. ஒரு மனிதர் தன் மகளுடைய பெயர் எங்கேயும் விழாமல் பார்த்துக்கொண்டதை.

கடைசியாக அப்பா ஒரு செய்தி சொன்னார். எங்கள் லயத்துக்குப் புதிதாகத் தண்ணீர்த் தாங்கி, சிமெந்துத் தொட்டி ஒன்று, கட்டியிருக்கிறார்களாம். மாமாதான் முன்னின்று செய்தாராம், கோயில் கமிட்டியில் இப்போது அவர்தான் தலைவர். வருகிற போயா நாளில், பௌர்ணமி விடுமுறையன்று, திறப்பு விழா. கல்லில் அவர் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் கொடுத்தவர் என்று.

இதைக் கேட்டு நான் பத்து நிமிடம் மண்டபத்துப் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். பிறகு மாமாவுக்கு எடுத்தேன்.

"சீஐடி! என்னா அதிசயம்."

"மாமா, நான் ஒரு துப்பறியும் படம் எடுக்கப் போறேன். சின்னப் படம். போயாவுக்கு வாறேன்."

"அப்பிடிப் போடு. எனக்கு என்னா வேஷம்?"

"வேஷம் இல்ல மாமா. நீங்க நீங்களாத்தான். ஒரு பழைய கேஸ் கொப்பிய வாசிக்கணும். மொத பக்கத்துலயிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும், எடது பக்கமும் வலது பக்கமும்."

"எந்தக் கேஸு?"

"தண்ணி கேஸு. நான் எழுதுன கொப்பி. அப்பாகிட்ட இருக்கு."

நான் பொய் சொல்லி அவரை வரவழைத்திருக்கலாம். அது அவருடைய வழி, எனக்கு வேண்டாம். "ஒங்கப்பா என்னா சொன்னாரு?" என்றார் மாமா.

அப்பா சொன்னதைச் சொன்னேன். படம் எடுக்கட்டுமா என்று கேட்டபோது அப்பா, "எடு. தண்ணி கலர மட்டும் மாத்திறாத," என்றிருந்தார்.

"பாப்பம்," என்று மாமா வைத்துவிட்டார்.

வருவாரா தெரியாது. வராவிட்டால் அந்தக் கொப்பியை நானே வாசிப்பேன், திறப்பு விழாவில், தாங்கிக்குப் பக்கத்தில், அம்மா முன்வரிசையில் இருக்கும்போது. அது அம்மாவுக்கு வலிக்கும். பத்து வருடம் நன்றி சொன்ன வாய் அது. அதற்கு நான் என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் கேமரா இரவல் வாங்கிவிட்டேன். நிழல் ஒன்றும் வேண்டாம், எங்கள் மலையில் சாயந்தரம் நாலரைக்கு இருக்கிற வெயில் போதும். முதல் காட்சி பீலியடியில் ஒரு கண்ணாடிக் கிளாஸ், பளிங்குத் தண்ணீர் நிறைய. அதற்கடுத்து, மாமா வந்தால், அவருடைய முகம். இடது பக்கத்தின் அடியில் இருக்கிற குதிகால் வரிக்கு அவர் வரும்வரை கேமராவை நிறுத்தப் போவதில்லை. அப்போது அவர் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தால், அதையும் எடுப்பேன்.